ஊற்றிக் கொடுத்தவர் யார்?

"ஜப்பான்காரனுந்தான் சார் குடிக்கிறான். நம்மாளு மாதிரி ரோட்டுல விழுந்தா கெடக்கிறான்?"

தாம்பரத்தைச் சுற்றி வாழ்கிறவர்கள் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு வருடத்தைக் கடக்க முடியாது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கேட்கலாம், சானடோரியம் டீக்கடையில் கேட்கலாம். சொல்கிறவருக்கு ஜப்பானோடு ஏதோ ஒரு சம்பந்தம் இருக்கும். 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்ததிலிருந்து அந்தப் பக்கத்துச் சாலைகளில் ஜப்பானிய நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் கூடிவிட்டன. சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் ஜப்பானிய மொழித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 2019 அக்டோபரில் மீனம்பாக்கத்திலிருந்து நரிதாவுக்கு நேரடி விமானமே விட்டார்கள், கொரோனா வந்து நிற்கும்வரை பறந்தது. யென் விழுந்த பிறகு வேலைக்கு இல்லாமல் வெறுமனே செர்ரிப் பூ பார்க்கவும் போய்வருகிறார்கள். போனவர்கள் புல்லட் ரயிலைப் பற்றி ஒரு கதை, கழிப்பறையைப் பற்றி ஒரு கதை, குடியைப் பற்றி ஒரு கதை கொண்டுவருகிறார்கள். முதல் இரண்டோடு எனக்குச் சண்டை இல்லை.

மூன்றாவது கதை பொய். அதுவும் ரொம்ப வசதியான பொய். அதை நம்பிவிட்டால் குடிகாரனை நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம். "நம்ம ஜாதகமே அப்படி, நமக்குக் குடிக்கத் தெரியாது" என்று ஒரு இனத்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டால், அவனுக்கு விற்றவரைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. விற்றவர் யார் என்பது ஊருக்கே தெரியும்.

முதலில் ஜப்பானியர் ரோட்டில் விழுவதில்லை என்பதைப் பார்த்துவிடலாம். டோக்கியோவில் ஷின்ஜுகு, ஷிம்பாஷி போன்ற நிலையங்களில் வெள்ளிக்கிழமை நள்ளிரவில் நின்று பார்த்தால் தெரியும். கோட்டும் டையுமாக, அலுவலகப் பையைத் தலைக்கு வைத்து, படிக்கட்டிலும் சுவரோரத்திலும் படுத்திருப்பவர்களைப் படம் பிடித்துப் போடுவதே வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளில் சிலருக்குப் பொழுதுபோக்கு. மேற்கு ஜப்பான் ரயில் நிறுவனம், நடைமேடையிலிருந்து தண்டவாளத்தில் விழும் குடிகாரர்களை ஆராய்ந்தது. தள்ளாடித் தள்ளாடி ஓரத்துக்குப் போய் விழுந்தவர்களைவிட, பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திடுதிப்பென எழுந்து நேராக நடந்து தண்டவாளத்தில் இறங்கியவர்கள்தான் அதிகம் என்று தெரிந்தது. பெஞ்சுகள் தண்டவாளத்தைப் பார்த்தபடி இருந்தன. 2015இல் ஷின்-ஒசாகா தொடங்கிப் பல நிலையங்களில் பெஞ்சுகளைத் தொண்ணூறு டிகிரி திருப்பிப் போட்டார்கள். இப்போது எழுந்து நேராக நடந்தால் நடைமேடையிலேயே நடப்பார்.

இந்தப் பெஞ்சை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். 'குடித்துவிட்டு ரயிலேறாதே' என்று பலகை வைப்பது சுலபம். அவர்கள் குடித்தவர் குடித்தவராகத்தான் நடப்பார் என்று ஒப்புக்கொண்டு, மரச்சாமானைத் திருப்பிப் போட்டார்கள்.

குடிக்கும் இடத்துக்கு வருவோம். இஸகாயா என்பது நம் ஊர் மெஸ்ஸும் பாரும் கலந்த இடம். உட்கார்ந்ததும், கேட்காமலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது தின்னக் கொண்டுவந்து வைப்பார்கள். அதற்குப் பெயர் ஒட்டோஷி. முந்நூறு, நானூறு யென் பில்லில் ஏறும். இது தெரியாத நம் ஊர்ப் பயணிகள் "கேக்காததுக்குக் காசு வாங்கிட்டான்" என்று இணையத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு வருகிறார்கள். அது உட்காருவதற்கான கூலி. நாற்காலி, மேஜை, ஈரத்துண்டு, தண்ணீர், கழிப்பறை எல்லாம் அதில் அடக்கம். குடிப்பவர் வெறும் வயிற்றில் தொடங்குவதில்லை என்பது கூடுதல் லாபம். தன் குவளையில் தானே ஊற்றிக்கொள்ளும் வழக்கமும் குறைவு. பக்கத்தில் இருப்பவர் ஊற்றுவார், அவருக்கு நீங்கள் ஊற்ற வேண்டும். அழகான பழக்கம்தான். ஆனால் அதே பழக்கம்தான் கழுத்தையும் பிடிக்கும். மேலதிகாரி பாட்டிலோடு வந்து நிற்கும்போது வேண்டாம் என்று சொல்வது எப்படி?

ஜப்பானியரில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் பேருக்கு மதுவைச் சிதைக்கும் நொதி உடலில் சரியாக வேலை செய்யாது. ஒரு குவளையிலேயே முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். அப்படிப்பட்டவர்களையும் அலுவலகக் குடிவிருந்துகளில் உட்காரவைத்து ஊற்றியிருக்கிறார்கள். கல்லூரிகளில் புது மாணவர்களை வட்டமாக நிறுத்தி, கைதட்டி, 'இக்கி, இக்கி' என்று கத்தி ஒரே மூச்சில் குடிக்கவைத்தார்கள். பிள்ளைகள் செத்துப்போனார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்கள் 1990களில் ஒன்றுசேர்ந்து இயக்கம் நடத்தினார்கள். கட்டாயப்படுத்திக் குடிக்கவைப்பதற்கு 'அருஹாரா' என்று ஒரு பெயர் கிடைத்தது, பெயர் கிடைத்ததும் அதைக் குற்றமாகப் பேச முடிந்தது.

அதற்கும் முன்னால் 1961இல் ஒரு சட்டம் வந்தது. குடித்துவிட்டுப் பொதுமக்களுக்குத் தொல்லை தருவதைத் தடுக்கும் சட்டம். கொண்டுவந்தவர்கள் நாடாளுமன்றத்தின் பெண் உறுப்பினர்கள், கட்சி பேதமில்லாமல் சேர்ந்து. வீட்டில் அடிவாங்கிய பெண்களின் கோபம் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது. பிறரைக் குடிக்கக் கட்டாயப்படுத்துவது போன்ற கெட்ட வழக்கங்களை ஒழிக்க எல்லாக் குடிமக்களும் முயல வேண்டும் என்று சட்டத்தின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார்கள். தெருவில் விழுந்து கிடப்பவரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதினார்கள். ஆக, ஒழுங்கு ஜப்பானியர் ரத்தத்தில் ஊறியிருந்தால் இவ்வளவு சட்டம் எதற்கு? அங்கே ஒழுங்கு என்று நம்மாட்கள் பார்த்துவிட்டு வருவது பலர் சண்டை போட்டு வாங்கியது. இன்னும் முழுசாகக் கிடைக்காதது.

இனக்கதையை உடைக்க இன்னொரு சாட்சியும் இருக்கிறது. ஜப்பானில் தெருவில் நின்று குடிப்பது பொதுவாகக் குற்றமில்லை, கடைகளில் இருபத்துநாலு மணி நேரமும் பீர் கிடைக்கும். டோக்கியோவின் ஷிபுயா பகுதியில், கடையில் டப்பா வாங்கித் தெருவிலேயே நின்று குடிக்கும் கூட்டம் பெருகியது. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் அதில் கணிசம். குப்பை, சத்தம், வாந்தி, சண்டை. கடைசியில் 2024 அக்டோபர் முதல் ஷிபுயா நிலையத்தைச் சுற்றி மாலை ஆறு மணியிலிருந்து காலை ஐந்து மணிவரை தெருவில் குடிக்கக் கூடாது என்று வட்டார நிர்வாகம் விதி போட்டது. வந்தவர்களில் எத்தனையோ தேசத்தார், எத்தனையோ நிறத்தார். நாற்காலியை எடுத்துவிட்டு, தெருவையும் பாட்டிலையும் மட்டும் கொடுத்தால் எந்த ஊர்க்காரனும் தாம்பரத்துச் சந்தில் நிற்பவன் மாதிரியே நடந்துகொள்கிறான்.

சரி, அங்கே போகிற நம் ஆட்கள் கவனமாக இருக்க வேண்டாமா? கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் டோக்கியோவுக்குக் கிளம்பியபோது சொன்னதையே இங்கும் சொல்கிறேன். கபுகிச்சோவிலும் ரொப்பொங்கியிலும் தெருவில் நின்று "வாங்க சார், ஒரு மணி நேரம் இவ்வளவுதான்" என்று கையைப் பிடித்து இழுப்பவனோடு போகாதே. போனால் உள்ளே பில் பத்து மடங்காகும், கதவருகே ஆள் நிற்பான். குடிக்கும் பானத்தில் எதையோ கலந்து, மயங்கியதும் கடனட்டையை உரசிவிடுவதாக அமெரிக்கத் தூதரகமே தன் குடிமக்களை எச்சரித்த இடங்கள் அவை. குவளையைவிட்டு எழுந்து போனால் திரும்பி வந்து அதையே குடிக்காதே. போதும் என்று தோன்றினால் குவளையைக் காலியாக்காமல் வை, காலிக் குவளை அங்கே 'ஊற்று' என்று அர்த்தம். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், அதற்குப் பிறகு டாக்ஸிக் கட்டணம் ஒரு நாள் அறை வாடகைக்குச் சமம். இருபது வயது ஆகாதவனுக்கு மது கிடையாது. சைக்கிள்கூட ஓட்டாதே, 2024 நவம்பரிலிருந்து குடித்துவிட்டுச் சைக்கிள் ஓட்டினாலும் மூன்று ஆண்டுவரை சிறைக்கு வழி இருக்கிறது.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவ்ளோ பயமுறுத்துறீங்களே, அப்ப நம்ம ஊரே பரவால்லையாண்ணே?" என்றான்.

நியாயமான கேள்வி. கபுகிச்சோவின் தெருக்களில் ஒலிபெருக்கி வைத்து, 'இழுப்பவர்களோடு போகாதீர்கள், ஏமாற்றப்படுவீர்கள்' என்று திரும்பத் திரும்ப அறிவிக்கிறார்கள். அங்கே ஏமாற்றுபவன் ஒருவன், எச்சரிப்பவன் வேறொருவன். நம் ஊரில் விற்பவரும் எச்சரிப்பவரும் ஒரே ஆள். பாட்டிலில் குடி உடல்நலத்துக்குக் கேடு என்று ஒட்டி, அதே கையால் ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டுகிறார். 'கவனமாக இருங்கள்' என்ற சொல் அவர் வாயிலிருந்து வரும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. யார் கவனமாக இருக்க வேண்டும்?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் எந்தக் கடையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், அமைப்பு ஒன்றுதான். கம்பி போட்ட ஜன்னல். கை நுழையும் அளவுக்கு ஓட்டை. வெயிலோ மழையோ, வெளியே கூட்டம். பகல் பன்னிரண்டுக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடும். குவார்ட்டர் என்பது 180 மில்லி, சரக்கு நாற்பது சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால். பக்கத்துப் பெட்டிக்கடையில் பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர்ப் பாக்கெட், ஊறுகாய்ப் பாக்கெட். காசு போதாதவன் முகமே தெரியாத இன்னொருவனோடு 'கட்டிங்' போடுகிறான். இருவரும் பாதிப் பாதி காசு போட்டு ஒரு குவார்ட்டரைப் பங்கு போடுவார்கள். (ஜப்பானியக் குடிவிருந்தின் பெருமை பேசுகிறவர்கள் இந்தக் கட்டிங் நட்பைப் பற்றி ஏன் எழுதுவதில்லை? பெயர்கூடக் கேட்காமல் அளந்து ஊற்றிக்கொள்ளும் அந்த நேர்மையை நான் எந்த இஸகாயாவிலும் பார்த்ததில்லை.) பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, மூன்று நிமிடத்தில் குடித்து முடிக்கிறான். ஏனென்றால் அங்கே நிற்கக் கூடாது. வீட்டுக்காரர் கத்துவார், போலீஸ் வரும், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்.

இந்த மூன்று நிமிடம்தான் என் வழக்கின் மையம். இரண்டு மணி நேரத்தில், சாப்பாட்டோடு, பேச்சோடு உள்ளே போக வேண்டிய அளவை மூன்று நிமிடத்தில் வெறும் வயிற்றில் இறக்கினால் எந்த நாட்டு உடம்பும் கீழே விழும். நம் ஆளுக்குக் குடிக்கத் தெரியவில்லை என்கிறோம். அவனுக்கு நாம் உட்கார இடம் கொடுத்ததே இல்லை.

பார் இருக்கிறதே என்பீர்கள். சில கடைகளோடு ஒட்டி இருக்கிறது. அந்த 'பார்' சட்டப்படி என்ன தெரியுமா? தின்பண்டம் விற்பதற்கும் காலி பாட்டில் சேகரிப்பதற்கும் தனியாருக்கு விடப்படும் ஒப்பந்தம். மனிதர்கள் உட்கார்ந்து குடிப்பதற்கான இடம் என்று ஒப்பந்தத்தின் தலைப்பில்கூட இல்லை. 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி இப்படி பார் நடத்தவிட டாஸ்மாக்குக்கு அதிகாரமே இல்லை, ஆறு மாதத்தில் மூடுங்கள் என்றார். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. பார்கள் நடக்கின்றன. மது விற்பதற்கு 1983இல் ஒரு நிறுவனம் தொடங்கி, 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் முழுசாகத் தன் கைக்குக் கொண்டுவந்து, 2023-24இல் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் பார்த்த அரசு, அந்தப் பணத்தைக் கொடுத்தவன் எங்கே உட்காருவான், எங்கே சிறுநீர் கழிப்பான் என்று இருபது வருடமாக யோசிக்கவில்லை. யோசித்தது காலி பாட்டிலைப் பற்றித்தான். அதுவும் நீலகிரியில் யானைக் காலில் கண்ணாடி குத்துகிறது என்று நீதிமன்றம் கேட்ட பிறகு. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று 2022இல் அங்கே தொடங்கிப் பிறகு மற்ற இடங்களுக்கும் கொண்டுவந்தார்கள். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை.

நெடுஞ்சாலை விவகாரத்தைத் தாம்பரத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடித்துவிட்டு ஓட்டிச் சாகிறவர்களை மனதில் வைத்துச் சொன்ன தீர்ப்பு. 2017 ஏப்ரல் முதல் தேதி தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடின. பிறகு? கடைகளை ஊருக்குள், குடியிருப்புத் தெருக்களுக்குள், பள்ளிக்கூடத்துப் பக்கம் நகர்த்தப் பார்த்தார்கள். மாநிலம் முழுக்கப் பெண்கள் துடைப்பத்தோடும் கல்லோடும் வந்தார்கள். திருப்பூர் பக்கம் சாமளாபுரத்தில் போராடிய பெண்ணை ஒரு காவல் அதிகாரி கன்னத்தில் அறைந்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அதே ஜூலையில் நகராட்சி எல்லைகளுக்கு இந்த விதி பொருந்தாது என்று விளக்கம் வந்தது. ஜி.எஸ்.டி. சாலை தாம்பரத்தின் நடுவே போகிறது. பெயர் நெடுஞ்சாலை, எல்லை நகராட்சி. லாரிக்காரனுக்கு எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்?

இந்தச் சாலையில்தான் ஜப்பானோடு ஒப்பிட வேண்டிய உண்மையான இடம் இருக்கிறது. 2006 ஆகஸ்டில் ஃபுகுவோகாவில், குடித்துவிட்டு வந்த நகராட்சி ஊழியர் ஒருவர் பாலத்தின் மேல் ஒரு குடும்பத்தின் காரை இடித்தார். கார் கடலில் விழுந்தது. மூன்று சிறு பிள்ளைகள் இறந்தன. நாடே கொதித்தது. அடுத்த ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஓட்டியவருக்குத் தண்டனையைக் கூட்டியதோடு நிறுத்தவில்லை. ஓட்டப் போகிறார் என்று தெரிந்தே வண்டி கொடுத்தவருக்கும், தெரிந்தே கூட ஏறியவருக்கும், தெரிந்தே மது கொடுத்தவருக்கும் தண்டனை என்றார்கள். அதனால்தான் ரயில் வசதி குறைந்த ஊர்களில் இஸகாயாக்காரர் முதலிலேயே "வண்டியில் வந்தீர்களா?" என்று கேட்கிறார். உங்கள் நலத்தின் மேல் அவருக்குப் பெரிய அக்கறை என்று நினைக்க வேண்டாம், தன் தலை போகும் என்பதால் கேட்கிறார். உங்கள் வண்டியை உங்கள் வீட்டுக்கே ஓட்டிக்கொண்டுவந்து விட ஆள் அனுப்பும் தொழிலும் இப்படித்தான் தழைத்தது.

நம் ஊரில்? 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் குடித்து ஓட்டுவதற்கான அபராதத்தைப் பத்தாயிரம் ரூபாயாக்கினார்கள். சரி. அதே மாதம் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை ஒரு படி மேலே போய், குடித்தவரின் வண்டியில் கூட வருகிறவருக்கும் அபராதம் என்று அறிவித்தது. இதுவும் சரி என்றே வைத்துக்கொள்வோம். ஓட்டியவர் பிடிபட்டார், பின்னால் உட்கார்ந்தவர் பிடிபட்டார். ஜப்பானியப் பட்டியலில் இன்னொருவர் இருந்தாரே, ஊற்றிக் கொடுத்தவர்? கடைக்கு வெளியே வரிசையாக இருசக்கர வண்டிகள் நிற்கின்றன. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே காசை நீட்டுகிறார்கள். விற்பவர் பார்க்கிறார், கொடுக்கிறார். கொடுக்கத்தான் வேண்டும், அவர் சம்பளம் அப்படி. விற்பனை குறைந்தால் கேள்வி அவருக்குத்தான் வரும். கொஞ்ச தூரத்தில் போலீஸ்காரர் ஊதச் சொல்கிற கருவியோடு நிற்கிறார். அவர் சம்பளமும் அதே கஜானாவிலிருந்து. பாட்டிலுக்கு வரி, ஊதினால் அபராதம். ஒரே ஆளிடம் ஒரே இரவில் இரண்டு தடவை வசூல்.

கம்பி ஜன்னல் யாருக்கு என்பதும் யோசிக்க வேண்டியது. அதே ஜி.எஸ்.டி. சாலையில் நட்சத்திர விடுதிகளின் பார்கள் இருக்கின்றன. ஒரகடம் ஆலைக்கு வரும் ஜப்பானியப் பொறியாளர் அங்கே குளிர்சாதன அறையில், வறுத்த முந்திரியோடு உட்காருகிறார். மேலாளர் வேலையில் இருக்கிற நம்மவரும் உட்காருகிறார். இருவருமே ஒழுங்காகத்தான் குடிக்கிறார்கள், ஒழுங்காகத்தான் காரின் பின்சீட்டில் ஏறி வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே தமிழனுக்குக் குடிக்கத் தெரிந்துவிடுகிறது! முடிச்சூரில் சென்டரிங் வேலை முடித்து முதுகுவலியோடு வருகிறவருக்குத்தான் தெரியவில்லை. நாற்காலி வாங்கக் காசு இருப்பவருக்குப் பண்பாடு இருக்கிறது, இல்லாதவருக்கு இல்லை என்பதைத்தான் 'ஜப்பான்காரன்' வாக்கியம் நாசூக்காகச் சொல்கிறது.

நம் பிள்ளைகள் சனிக்கிழமை புதுச்சேரிக்கு ஓடுவதும் இதற்காகத்தான். விலை குறைவு என்பார்கள், அது பாதிக் காரணம். அங்கே உட்காரலாம். மெனு கார்டு தருவார்கள். 'என்ன சார் வேணும்?' என்று ஒருவர் கேட்பார். நூற்றைம்பது கிலோமீட்டர் போய் மரியாதையை வாங்கிக்கொண்டு, ஞாயிறு மாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில் திரும்புகிறார்கள். திரும்பாதவர்களின் படம் சுவரொட்டியில் வருகிறது.

இதற்குப் பதிலாக என் நண்பர்கள் பலர் சொல்வது: "மூடணும் சார். மொத்தமா மூடணும்." நான் அவர்களைச் சிரித்து ஒதுக்குகிறவன் இல்லை. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்குக்கு ஒரு நியாயம் இருந்தது. 2015 ஜூலையில் காந்தியவாதி சசிபெருமாள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு மதுக்கடையை அகற்றச் சொல்லிக் கைபேசிக் கோபுரத்தில் ஏறி உயிரைவிட்டபோது அதே நியாயம்தான் பேசியது. கடைகளைக் குறைக்கட்டும், 2023இல் ஐந்நூறு மூடியதுபோல இன்னும் மூடட்டும். ஆனால் ஒரேயடியாக மூடினால் குடி எங்கே போகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2023 மே மாதம் மதுராந்தகம் பக்கத்துக் கிராமங்களிலும் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். கடைகள் திறந்திருக்கும்போதே, குவார்ட்டர் வாங்கக் காசில்லாதவர்களுக்கு நடந்தது இது. மரத்திலிருந்து இறங்குகிற கள்ளை 1987இலிருந்து தடைசெய்து வைத்திருக்கிறோம். ஆலையிலிருந்து வருவது மட்டும் அரசுச் சரக்கு. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடையில் மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் வைத்து, பெஞ்சு போட்டு, மெனக்கெட்டு நடத்துகிறார்கள். ஒப்பிட டோக்கியோவரை போக வேண்டியதில்லை, பாலக்காடு போதும்.

இன்னொரு எதிர்ப்பு வரும். அதை வீட்டுப் பெண்கள் கேட்கிறார்கள், அதனால் அதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். "உக்கார வெச்சு சோறும் போட்டா இன்னும் நல்லா குடிப்பாரு. வீட்டுக்கு எதுக்குங்க வரப்போறாரு?" குடிக்கிற கணவனோடு வாழ்கிறவருக்கு நாற்காலி தத்துவம் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இதைக் கேட்பேன்: சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகத்தில் வேலை முடிந்து இரவில் வெளியே வருகிற பெண்கள், கடை இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டு ஏன் போகிறார்கள்? குடிப்பவர்கள் எல்லோரும் கடைக்கு உள்ளே இல்லாமல் தெருவில் நிற்பதால். இந்தத் தெருவை முதலில் குடிக்கு விட்டுக்கொடுத்தது யார்? ஜப்பானில் 1961இல் பெண் உறுப்பினர்கள் குடியை ஒழிக்கச் சட்டம் கேட்கவில்லை. கட்டாயப்படுத்துவதையும் தொல்லை தருவதையும் பெயர் சொல்லிக் குறித்தார்கள், விழுந்து கிடப்பவரைத் தூக்கும் கடமையைக் காவல்துறைமேல் வைத்தார்கள். நம் ஊரில் பெண்களுக்கு மிஞ்சியது கடையை உடைப்பது மட்டும். உடைத்ததற்கு வழக்கும் வாங்குகிறார்கள்.

தாம்பரம் 2021இல் மாநகராட்சியானது, 2022 தொடக்கத்தில் தனிக் காவல் ஆணையரகமும் வந்தது. ஊருக்குக் கேட்க ஆள் இருக்கிறது என்று பொருள். கேட்க வேண்டியவை பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. கடை இருக்கும் இடத்தில் கூரையும் பெஞ்சும் தண்ணீரும் கழிப்பறையும் கட்டாயம். சூடான சாப்பாடு. ஏற்கனவே தள்ளாடுகிறவருக்கும், வண்டிச் சாவியோடு நிற்கிறவருக்கும், இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கும் விற்க மறுக்கும் உரிமை விற்பனையாளருக்கு, மறுத்ததற்காக அவர் மேல் கணக்குக் கேட்கக் கூடாது. கடை மூடும் பத்து மணிக்கு அந்தத் தெரு முனையிலிருந்து ஒரு சிற்றுந்து. விபத்து வழக்கில் ஓட்டியவர், பின்னால் உட்கார்ந்தவர் பெயரோடு, பாட்டில் எந்தக் கடையில் எத்தனை மணிக்கு விற்றது என்பதும் முதல் தகவல் அறிக்கையில் ஏற வேண்டும். காலி பாட்டிலைத் திருப்பி வாங்குவதற்காகப் பல இடங்களில் எந்தக் கடையின் பாட்டில் என்று அடையாளம் காண ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அதே ஸ்டிக்கரை ஆய்வாளர் ஒருவர் படித்து எழுதிக்கொள்ள ஒரு நிமிடம் ஆகும்.